ஓக் மரத்தில் துளையை எண்ணினால் உள்ளே இருக்கும் வண்டின் கணக்கு தெரியுமா?

மார்ச் 3 – கேள்வி

அண்ணே, போன வருடம் கலிபோர்னியாவில் சான் டியேகோ மாவட்டத்தில் ஜூலியன் பக்கம் வீடு வாங்கினோம். பின்புறம் ஒரு பெரிய கோஸ்ட் லைவ் ஓக் நிற்கிறது. இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. அடிமரத்தில் ஏழெட்டுத் துளைகள் தெரிகின்றன. மேலே இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. "ஏழெட்டுத் துளை என்றால் ஏழெட்டு வண்டு, இதற்கெல்லாம் பயப்படுவார்களா" என்கிறார் மாமனார். மரத்தில் மைக் வைத்துக் கேட்டால் புழு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். நீங்கள் அதிர்வு பார்க்கும் வேலையில் இருப்பவர், வார இறுதியில் ஓக் கணக்கெடுப்புக்கும் போகிறவர். அதனால் கேட்கிறேன்.

மார்ச் 4

மாமனார் சொல்வதில் பாதி சரி. ஏழெட்டுத் துளை இருந்தால் ஏழெட்டு வண்டு வெளியே போயிருக்கிறது. உள்ளே எத்தனை என்பது தனிக் கணக்கு.

அதற்கு முன்னால் துளையின் வடிவத்தைப் பாருங்கள். ஓக் மரத்தைத் துளைக்காத பூச்சி குறைவு. அதில் பெரும்பாலானவை மரத்தைக் கொல்வதில்லை, ஏற்கெனவே சாகப்போகிற மரத்துக்குத்தான் வரும். முழுவட்டமாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் பொடித்துளைகள் இருந்து, அதைச் சுற்றி மாவு போல வெள்ளைத் தூள் கொட்டியிருந்தால் அவை சின்ன வண்டுகள். பென்சில் நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை என்றால் நீண்ட மீசைக்கார வண்டு வகை. ஆங்கில எழுத்து டி போல, ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைந்து, 4 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தால்தான் நம் ஆள்: பொன்புள்ளி ஓக் துளைப்பான், அக்ரிலஸ் ஆரோகுட்டாட்டஸ். வண்டின் உடம்பை வெட்டிப் பார்த்தால் என்ன வடிவம் வருமோ அதே வடிவத்தில்தான் ஓட்டையும் இருக்கும்.

மார்ச் 4, இரவு

இன்னொன்று. துளைகள் அளவெடுத்தது போல வரிசையாக இருந்தால் அது வண்டே இல்லை, சாறு குடிக்க வரும் மரங்கொத்தி. ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் ஓட்டை இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஓக் கொட்டை செருகியிருந்தால் அது ஏகார்ன் மரங்கொத்தியின் களஞ்சியம். அந்தப் படத்தை அனுப்பி "வண்டு முட்டை இவ்வளவு பெரிதா" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

பக்கத்தில் ஒரு சில்லறைக் காசு வைத்துப் படம் எடுங்கள். காசு இல்லாவிட்டால் படத்தில் எல்லாத் துளையும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

மார்ச் 9

படம் பார்த்தேன். டி வடிவம்தான். தம்பி, இனி கொஞ்சம் விவரமாகப் பேசுவோம்.

கோடையில் பெண் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். பொரித்த புழு பட்டையைக் குடைந்து உள்ளே போய், உள்பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உட்காரும். மரம் இலையில் தயாரித்த சாப்பாடு வேருக்கு இறங்குவது அந்த உள்பட்டை வழியாகத்தான். கட்டை புதிதாக வளர்வதும் அதை ஒட்டித்தான். அந்த மெல்லிய அடுக்கைத்தான் புழு வளைந்து வளைந்து தின்னும். ஒரு புழுவால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நூறு புழுக்களின் பாதை ஒன்றோடொன்று சேர்ந்து மரத்தைச் சுற்றி வந்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு நின்றுவிடும். வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுக்கட்டை, உறுதியாக அப்படியே இருக்கும். மரம் செத்திருக்கும்.

முழு வளர்ச்சியில் புழு 2 சென்டிமீட்டர் வரும். வெள்ளை, கால் கிடையாது. தின்று முடித்ததும் வெளிப்பட்டைக்குத் திரும்பி வந்து, ஒரு சிறு அறை குடைந்து, உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். வசந்தத்தில் கூட்டுப்புழு. மே மாதம் முதல் வண்டாகி வெளியே வரும், ஜூன் ஜூலையில் கூட்டம் அதிகம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு ஒரு தலைமுறை, சிலதுக்கு இரண்டு வருடம் ஆகும்.

இதை வைத்து உங்கள் துளைகளைப் பாருங்கள். போன கோடையில் வெளியே வந்த வண்டு என்றால், அதன் முட்டை அதற்கும் முந்தைய கோடையில் இட்டது. அதாவது நீங்கள் எண்ணியது வீடு வாங்குவதற்கு முன்னால் நடந்த சமாசாரம். போன கோடையில் வெளியே வந்தவை இட்ட முட்டை எல்லாம் புழுவாகி இப்போது உங்கள் மரத்தில் மடிந்து கிடக்கலாம், பக்கத்து வீட்டு மரத்திலும் கிடக்கலாம். துளை அதைப் பற்றி எதுவும் சொல்லாது. உள்ளே செத்த புழு, மரங்கொத்தி தின்ற புழு, ஒட்டுண்ணிக் குளவி முடித்துவைத்த புழு, இவை எதற்கும் துளை கிடையாது. உயிரோடு தப்பியதற்கு மட்டும்தான் துளை.

மார்ச் 10

"அப்படியென்றால் துளையே இல்லாத மரத்தில் வண்டு இருக்குமா" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். தாராளமாக இருக்கும். முதல் வருடம் உள்ளே புழு, வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

மார்ச் 16

மைக் விஷயம். என் பிழைப்பே இதுதான். மோட்டார், பம்பு, பேரிங் எங்கே தேய்கிறது என்று அதிர்வை வைத்துக் கண்டுபிடிப்பது. மரத்தில் ஒரு திருகாணியை இறக்கி அதன் தலையில் உணரியை ஒட்டி, ஹெட்போனில் கேட்டிருக்கிறேன். சத்தம் வரும், அதில் சந்தேகமில்லை. எதன் சத்தம் என்பதில்தான் சிக்கல்.

கெட்டுப்போன பேரிங்குக்குத் தாளம் உண்டு. சுழலும் வேகம் தெரிந்தால் எந்த இடைவெளியில் தட்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். புழுவுக்குத் தாளம் கிடையாது. நார் அறுபடும்போது டிக், டிக்டிக், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி கொத்தாக நாலைந்து. காற்றில் கிளை உரசினாலும் கிட்டத்தட்ட அதே சத்தம். வெயில் ஏறும்போது பட்டை காய்ந்து வெடிப்பதும் அதே. எறும்பு உணரி மேல் நடந்தால் லாரி போவது போலக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது மரமே போடும் சத்தம். வறட்சியில் தண்ணீர்க் குழாய்களில் இழுவிசை தாங்காமல் நீர்த்தூண் அறுந்து காற்றுக்குமிழி புகும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு டிக். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் ஆமணக்கு இலைக்காம்பில் இதைக் காதால் கேட்கும்படி பதிவு செய்தார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் வறட்சியும் வண்டும் சேர்ந்தே வருகின்றன. டிக் சத்தத்தைக் கேட்டு, இது தாகமா புழுவா என்று எப்படிப் பிரிப்பது?

இன்னொன்றையும் யோசியுங்கள். இப்போது மார்ச். மடித்துப்போட்டபடி கிடக்கும் புழு எதையும் தின்னாது. இன்றைக்கு மைக் வைத்து ஒன்றும் கேட்கவில்லை என்றால் மரம் சுத்தம் என்று அர்த்தமில்லை, அவர்கள் தூங்குகிறார்கள்.

மார்ச் 18

பொள்ளாச்சி நண்பர் எழுதியிருக்கிறார்: "எங்கள் தோப்பில் தென்னைத் தண்டில் காதை வைத்தாலே சிவப்புக் கூன்வண்டுப் புழு கடிப்பது கேட்கும். உங்கள் ஊரில் கருவி வைத்தும் கேட்காதா?" நல்ல கேள்வி. கூன்வண்டுப் புழு 4, 5 சென்டிமீட்டர் வரை வளர்கிற குண்டு ஆசாமி, ஈரமான நாரைக் கூட்டமாக இருந்து கரகரவென்று அறுக்கும். அதனால்தான் உலகத்திலேயே ஒலி வைத்துப் பூச்சி பிடிக்கும் ஆராய்ச்சி அதிகம் நடந்த பூச்சிகளில் அதுவும் ஒன்று. சவூதி, எமிரேட்ஸ் பேரீச்சந்தோப்புகளில் அந்தக் கருவிகளுக்கு நல்ல தேவை. பொன்புள்ளித் துளைப்பானின் புழு ஒல்லி. மேலே கட்டியான பட்டை, அதன் அடியில் தனித்தனியாக மெல்லக் கொறிக்கும். தென்னையில் வேலை செய்த கருவி என்பதால் ஓக்கிலும் செய்யும் என்று விளம்பரத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

மார்ச் 18, சற்று நேரம் கழித்து

இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் "ஓக் உத்தரத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்குமே, அது?" என்கிறார். அது மரணக் கடிகார வண்டு. பழைய தேவாலயங்களின் ஓக் உத்தரங்களில் இருப்பது, உயிர் மரத்தின் கதை இல்லை. அங்கே தட்டுவது புழுவும் இல்லை, வளர்ந்த வண்டு துணை தேடித் தலையால் முட்டுகிறது. புழு எல்லாம் அப்படிக் கூப்பிட்டு விலாசம் சொன்னால் என் வேலை சுலபம்.

ஏப்ரல் 5

தம்பி, மே மாதம் வருவதற்குள் ஒரு வேலை செய்துவிடுங்கள். இருக்கிற துளைகள் ஒவ்வொன்றையும் சுற்றி பெயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு வருடம் குறியுங்கள். துளை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், ஆறாது. குறிக்காமல் அடுத்த வருடம் எண்ணினால் தாத்தா காலத்து ஓட்டையும் சேர்ந்துதான் எண்ணிக்கையில் வரும். குறித்துவைத்து, அக்டோபர் முடிந்ததும் வட்டமில்லாத துளை எத்தனை என்று பாருங்கள். அதுதான் இந்த வருடக் கணக்கு.

தரையிலிருந்து உங்கள் தலை உயரம் வரை ஒரு கணக்கு, அதற்கு மேல் தனி. ஏணி போடாமல் எட்டுகிற இடத்தைத்தான் எல்லோரும் எண்ணுகிறோம். வண்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடிமரத்தில் நிறைய இருக்கும் என்பது உண்மை, பெரிய கிளைகளிலும் இருக்கும் என்பதும் உண்மை.

ஏப்ரல் 21

"அரிசோனாக்காரர்களின் மரம் மட்டும் ஏன் சாகவில்லை" என்று கேட்டவருக்கு.

இந்த வண்டு தென்கிழக்கு அரிசோனா மலைகளில் எமோரி ஓக், சில்வர்லீஃப் ஓக் மரங்களில் காலங்காலமாக இருக்கிறது. அங்கே அதைத் தின்கிற குளவிகள் இருக்கின்றன, மரத்துக்கும் தாங்கும் பழக்கம் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சான் டியேகோவில் 2004-இல் வேறு பூச்சிக்காக வைத்த பொறியில் இது விழுந்தது, பதிவேட்டில் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். கிளீவ்லாண்ட் தேசிய வனத்தில் ஓக் மரங்கள் அதற்கு முன்பிருந்தே செத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் வறட்சி என்றார்கள். 2003-இல் சீடர் தீ என்ற காட்டுத்தீ வேறு குயமாகா மலையையே எரித்துவிட்டுப் போயிருந்தது, பழி போட ஆள் குறைவில்லை. 2008-இல்தான் யாரோ செத்த மரங்களின் பட்டையை உரித்துப் பார்த்து வண்டையும் சாவையும் முடிச்சுப் போட்டார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது அந்த நாலு வருடம். பூச்சி பொறியில் இருக்கிறது, மரங்கள் மலையில் சாகின்றன, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் பட்டை. 80,000-க்கும் மேல் மரங்கள் செத்திருப்பதாக இப்போது சொல்கிறார்கள்.

வறட்சியும் ஒரு கை கொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் தண்ணீர் ஓடும் ஓடைக் கரையில் செழிப்பாக நின்ற ஓக்கும் விழுந்தது. வறட்சி மட்டும்தான் காரணம் என்றால் அது ஏன் விழ வேண்டும்?

மே 12

பொறி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊதா நிறத்தில் முக்கோணப் பட்டகம் போலத் தொங்கவிடும் ஒட்டுப்பொறி உண்டு. அதில் விழுந்தால் வண்டு ஊரில் இருக்கிறது என்று தெரியும். விழாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. இந்த வண்டை வரவழைக்கும் வாசனை மருந்து எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கண்ணில் பட்டால் ஊதா பிடித்திருக்கிறது என்று வருகின்றன, அவ்வளவே.

கிழக்கு அமெரிக்காவில் இதைவிட ரசமான ஏற்பாடு ஒன்று உண்டு. செர்செரிஸ் ஃபூமிபென்னிஸ் என்று ஒரு குளவி, மணலில் குழி தோண்டி வாழும். நம் வண்டின் குடும்பத்து வண்டுகளைத்தான் பிடித்து வந்து குஞ்சுக்கு வைக்கும். பேஸ்பால் மைதானத்து மணல் அதற்கு ரொம்பப் பிடிக்கும். தன்னார்வலர்கள் மைதானத்தில் உட்கார்ந்து, குளவி எந்த வண்டைத் தூக்கி வருகிறது என்று பார்க்கிறார்கள். ஆஷ் மரங்களை அழித்த எமரால்டு துளைப்பான் ஊருக்குள் வந்துவிட்டதா என்று அப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். வண்டைப் பிடிக்கத் தெரிந்தவனிடம் வேலையை விட்டுவிட்டார்கள்.

மே 30

பட்டையை உரித்துப் பார்த்தால் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று. உயிர் மரத்தில் வேண்டாம். நீங்கள் உரித்த இடமும் புழு தின்ற இடமும் மரத்துக்கு ஒன்றுதான்.

வெட்டிப்போட்ட மரத்தில் செய்யலாம். போன வாரம் எங்கள் குழு டெஸ்கான்சோ பக்கம் விழுத்திய ஒரு பிளாக் ஓக்கை உரித்தோம். எழுதிவைக்கிறேன், அடுத்தவருக்கு உதவும். முதலில் வெளிப்பட்டையை உளியால் சீவல் சீவலாக எடுக்க வேண்டும், அவசரப்பட்டு நெம்பினால் மடிந்து கிடப்பவை நசுங்கிவிடும். சீவும்போது ஒரு சீவலின் முதுகில் அவரைக்கொட்டை அளவில் ஒரு பள்ளம் வந்தது. உள்ளே கூட்டுப்புழு, பால் வெள்ளை, கண் மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. மூச்சுக்காற்று பட்டதும் வாலை ஒரு சுழற்று சுழற்றியது. கிட்டப் போய்ப் பார்த்தால் இறக்கைக்கான உறை, மடித்த கால், மீசை எல்லாம் மெழுகில் வார்த்தது போல இருந்தன. பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது ஏற்கெனவே கறுத்து வண்டாகிவிட்டது, முதுகில் ஆறு பொன்புள்ளிகள். 10 மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாது.

அதற்கு அடியில் உள்பட்டை, பிறகு கட்டையின் மேற்பரப்பு. அங்கே கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றிலும் புழு தின்று கழித்த தூளை அழுத்தி அடைத்திருந்தது, நகத்தால் கீறினால் கட்டிதட்டிப்போன காப்பிப் பொடி போல உதிர்ந்தது. எங்கே ஒரு கோடு முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. நாங்கள் உரித்த அந்தத் துண்டின் வெளிப்புறத்தில் வெளியேறிய துளைகள் சொற்பம்.

மே 31

நாங்கள் உரித்த கட்டையின் படத்தை மாமனாருக்குக் காட்டினீர்களாமே. "இதற்குத்தான் நான் முதலிலேயே சொன்னேன், ஜாக்கிரதையாக இருக்கணும் என்று" என்றாராம். வாழ்க.

ஜூன் 24

வண்டு வெளியே வரும் காலம் இது. சாயங்காலம் மரத்தடியில் நின்று கண்ணால் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளியே வந்ததும் மேலே போய் ஓக் இலையைக் கொறிக்கும், நம் கண்ணுக்கு எட்டாது. இத்தனை வருடம் சுற்றியும் உயிரோடு பறக்கும் வண்டை நான் பார்த்தது அபூர்வம்.

வட்டமில்லாத புதுத் துளை எளிதில் அடையாளம் தெரியும். ஓரம் கூர்மை, உள்ளே வெளிர் நிறம், சிலந்திக்கூடு இல்லை. பழைய துளை கறுத்து, ஓரம் மழுங்கி, பெரும்பாலும் ஏதாவது ஒரு குட்டிச் சிலந்தி குடியிருக்கும்.

ஜூலை 8

"துளைக் கணக்கு இவ்வளவு மோசம் என்பது உங்கள் ஊர் வண்டுக்கு மட்டும்தானா" என்ற கேள்வி என்னைக் கொஞ்சம் படிக்க வைத்தது.

இங்கிலாந்தில் ஓக் மரங்கள் தண்டில் கறுப்பாகக் கசிந்து வாடும் ஒரு நோய் உண்டு. பிரென்னேரியா குட்வினியை முதலான பாக்டீரியாக்களும் அக்ரிலஸ் பைகுட்டாட்டஸ் என்ற வண்டும் சேர்ந்து செய்யும் வேலை. இதுவும் நம் வண்டின் பங்காளி, அதே டி துளை. அங்கே கசியும் மரங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் துளை தெரிந்தது. பட்டையை எடுத்துப் பார்த்ததில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் புழுப்பாதை இருந்தது. திடமான மரம் புழுவைச் சுற்றிப் புதுத்திசு வளர்த்து நெருக்கிவிடும், புழு வண்டாகாமலே முடிந்துபோகும். துளை இல்லை, ஆனால் காயம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த வண்டு அந்த நாட்டில் ஒரு காலத்தில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருந்தது.

ஆர்கன்சாவின் ஓசார்க் மலையில் இருக்கும் ரெட் ஓக் துளைப்பான் வேறு மாதிரி. நீண்ட மீசைக்காரன், புழு வைரம் வரைக்கும் ஏறும். வாழ்க்கை இரண்டு வருடம், எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடும், ஒற்றைப்படை வருடங்களில் மட்டும் வண்டு வெளியே வரும். இரட்டைப்படை வருடத்தில் போய்த் துளை எண்ணினால் ஊரே சுத்தம் என்று எழுதிவிட்டு வரலாம்! 2000-த்தை ஒட்டிய வருடங்களில் அங்கே ஓக் மரங்கள் கூட்டமாகச் செத்தன. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் முழு மரத்தையே வெட்டித் துண்டுதுண்டாகப் பிளந்து எண்ணினார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. தப்பிப் பிழைத்த மரம் புழுத் துளையை மூடி மேலே வளர்ந்துகொண்டே போகும். பிறகு அந்த மரத்தை வெட்டினால், தழும்பு எந்த வளையத்தில் இருக்கிறது என்று பார்த்து எந்த வருடத்துத் தாக்குதல் என்று சொல்லிவிடலாம். வெளியே ஒரு தடயமும் இருக்காது, உள்ளே வருடம் வாரியாக எழுதியிருக்கும். நம் வண்டு வைரத்துக்குப் போகாது என்பதாலும் அது தாக்கிய மரம் தப்புவது குறைவு என்பதாலும் இந்த வழி நமக்கு அவ்வளவாகப் பயன்படாது.

ஜூலை 9

இலங்கையிலிருந்து ஒருவர்: "தேயிலையில் வரும் துளை வண்டும் கலிபோர்னியா ஓக்கில் இருப்பதாகப் படித்தேன்." ஆமாம், ஆனால் அது வேறு கட்சி. எள் அளவு வண்டு, ஊசி நுழையும் வட்டத்துளை. கட்டையைத் தின்னாது. ஒரு பூஞ்சையைக் கூடவே கொண்டுவந்து சுரங்கத்தில் வளர்த்துச் சாப்பிடும், மரத்துக்கு நோய் தருவது அந்தப் பூஞ்சைதான். இதன் பெயர் யூவாலேசியா ஃபார்னிகேட்டஸ். அதில் ஃபார்னிகேட்டஸ் என்ற இனப்பெயரையே இலங்கையில் கிடைத்த வண்டுக்குத்தான் 1868-இல் வைத்தார்கள். அப்புறம் ஒன்றுபோலவே இருக்கும் பல இனங்கள் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது மரபணுவில் தெரிந்து, பிரித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சிக்கமோர், பாக்ஸெல்டர், ஓக் எல்லாவற்றிலும் இருக்கிறது. பட்டையில் ஈரக்கறை, சர்க்கரை பூத்தது போல வெள்ளைப் படிவு தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

ஆகஸ்ட் 17

மருந்து. இதைக் கேட்காமல் இந்த இழை முடியாது என்று தெரியும். தண்டில் ஊசி போடும் மருந்து உண்டு, வண்டு வரும் முன் பட்டையில் தெளிக்கும் மருந்தும் உண்டு. இரண்டும் ஆரம்பக் கட்டத்து மரத்துக்குத்தான். ஊசி மருந்தை மரம்தான் உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டும். பாதிப் பாதை அறுந்துபோன மரம் எப்படி ஏற்றும்? உச்சி கலைந்து, வானம் தெரிகிற மரத்துக்கு ஊசி போட்டுக் காசு வாங்கிய ஒரு கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அதே ஆட்கள் அதே மரத்தை வெட்டவும் காசு வாங்கினார்கள்.

உங்கள் மரம் உச்சி அடர்த்தியாக இருக்கிறது. உரிமம் உள்ள மரவியலாளர் ஒருவரை இப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள், அடுத்த வசந்தத்துக்கு முன் முடிவு எடுக்க வேண்டும். துளை எத்தனை என்று அவர் கேட்டால் புதியது எத்தனை, பழையது எத்தனை என்று பிரித்துச் சொல்லுங்கள், ஆள் எவ்வளவு தெரிந்தவர் என்பது அப்போது தெரிந்துவிடும்.

செப்டம்பர் 29

மரங்கொத்தி பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என் கருவி எல்லாவற்றையும்விட அது கெட்டி. கறுத்த வெளிப்பட்டையைச் செதில் செதிலாகத் தட்டி எடுக்கும்போது உள்ளே செங்கல் நிறத்தில் புதுப்பட்டை தெரியும். தூரத்திலிருந்தே மரத்தில் சிவப்புத் திட்டுகள் தெரியும், காருக்குள் இருந்தபடியே குறிக்கலாம். அது தட்டும் இடத்தில் புழு மடிந்து கிடக்கிறது என்று அர்த்தம். குளிர்காலத்தில், நாம் எதையும் கேட்க முடியாத அதே மாதங்களில், அது சரியாகக் கண்டுபிடிக்கிறது. எப்படி என்று கேட்டால், தட்டும்போது எதிரொலி மாறுவதாலா, கண்ணாலா என்று நானும் யோசித்திருக்கிறேன். தட்டிப் பார்ப்பதுதான் வழி என்று என் தொழில்புத்தி சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. மரங்கொத்தி வேறு புழுவுக்கும் வரும். சிவப்புத் திட்டும் டி துளையும் உச்சி மெலிவும் ஒரே மரத்தில் சேர்ந்து வந்தால்தான் நான் பதிவேட்டில் ஏற்றுவேன். ஒன்று மட்டும் இருந்தால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பேன்.

நவம்பர் 6

தம்பியின் கணக்கு வந்துவிட்டது. புதுத் துளைகள் சில, எல்லாம் தெற்குப் பக்கம். உச்சி அப்படியே. மரவியலாளர் ஊசி போடலாம் என்கிறார். போடுங்கள். மைக் வேண்டாமா என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருக்கிறது, ஆகஸ்டில் காற்றில்லாத விடிகாலையில் வந்து வைத்துப் பார்க்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் மருந்து போடுவதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்ய விடமாட்டேன்.

நவம்பர் 7

விறகு. பக்கத்து வீட்டுக்காரர் செத்த ஓக்கை வெட்டி, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாசலில் போட்டிருக்கிறார் என்றீர்கள். தொடாதீர்கள், அவரிடமும் சொல்லுங்கள். வண்டு அரிசோனாவிலிருந்து பாலைவனத்தைத் தாண்டிச் சிறகடித்து வரவில்லை, விறகில் வந்தது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். 2012-இல் வடக்கே ரிவர்சைடு மாவட்டத்து ஐடில்வைல்டில் திடீரென்று முளைத்ததும் அப்படியே. நடுவில் இருந்த காடுகளில் வண்டு இல்லை, முகாம் போட வருபவர்கள் இருந்தார்கள். வெட்டிய கட்டையிலிருந்தும் அடுத்த கோடையில் வண்டு வெளியே வரும். பட்டையை உரித்துவிட்டால் கட்டை பரவாயில்லை, உரித்த பட்டைதான் ஆபத்து, புழு இருப்பதே அதில்தானே. அதை அரைத்துத் துகளாக்க வேண்டும். இல்லாவிட்டால் விறகை வெட்டிய இடத்திலேயே வெயிலில் இரண்டு வருடம் காயவிட வேண்டும்.

டிசம்பர் 2

மாமனார் புது மரம் நட வேண்டும் என்கிறாராம், எது நடலாம் என்று கேட்கிறார். எங்கல்மன் ஓக் நடலாம். வெள்ளை ஓக் வகை, இந்த வண்டு அதன் பக்கம் போவது அரிது. மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். கோஸ்ட் லைவ் ஓக்கே பிடிக்கும் என்றால் அதையும் நடலாம், தண்டு தடிக்கும்வரை வண்டு கண்டுகொள்ளாது, அதற்குப் பல வருடங்கள் இருக்கின்றன. உங்கள் பக்கத்து மலையிலேயே கொட்டை பொறுக்குங்கள். ஊன்றுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எல்லாம் எறிந்துவிடுங்கள். மிதக்கிற கொட்டையில் பெரும்பாலும் புழு இருக்கும். இல்லை தம்பி, அது வேறு வண்டு, நீண்ட மூக்குள்ள கூன்வண்டு. அதற்குத் தனி இழை போடுங்கள்.